நெல்லுக்குக் கிடைத்த விடுதலை

கம்பர் துயிலும் ஊர் என்று எங்கள் நாட்டரசன்கோட்டைக்கு ஒரு பெருமை உண்டு. ஆண்டுதோறும் பங்குனி அத்தத் திருநாளில் காரைக்குடிக் கம்பன் கழகத்தார் தங்கள் விழாவின் நிறைவு நிகழ்ச்சியை இங்குள்ள கம்பர் நினைவிடத்தில் நடத்துவார்கள். அந்தக் கழகத்தை 1939-இல் நிறுவிய கம்பன் அடிப்பொடி சா. கணேசன், 1962 சட்டப்பேரவைத் தேர்தலில் காரைக்குடித் தொகுதியில் ராஜாஜியின் சுதந்திராக் கட்சி சார்பில் வென்றவர் என்பது இன்று விழாவுக்கு வரும் இளைஞர் பலருக்குத் தெரியாது. சென்னை மாநிலம் முழுவதிலும் அக்கட்சி அப்போது பெற்ற இடங்கள் ஆறுதான். அவற்றில் ஒன்று எங்கள் வட்டாரத்தில் கிடைத்தது.

நான் பிறந்தது அக்கட்சி பிறந்த அதே 1959-இல். பொருளாதாரம் படிக்கச் சென்றபோது கட்சி மறைந்துவிட்டிருந்தது. மன்னர்களும் ஆலை முதலாளிகளும் கூடி நடத்திய கட்சி என்று ஒற்றை வரியில் அதை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பேராசிரியரான பிறகு நானும் பல ஆண்டுகள் அதே வரியைத்தான் மாணவர்களுக்குச் சொன்னேன். 1991-க்குப் பிறகு அந்த வரியைச் சொல்ல நா எழவில்லை. ஆனால், இன்று சிலர் செய்வதுபோல ராஜாஜியை எல்லாம் முன்னரே அறிந்த தீர்க்கதரிசியாக்கவும் எனக்கு மனம் வரவில்லை. அதற்குக் காரணம் எங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

1878 டிசம்பர் 10-இல், அன்றைய சேலம் மாவட்டத்தின் தொரப்பள்ளியில் பிறந்த சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரியார் பழமைவாதி என்றே பெயர் பெற்றவர். பழமையில் எதைக் காப்பது, எதைக் கைவிடுவது என்பதை மட்டும் அவர் யாரிடமும் கேட்டுக்கொண்டதில்லை. வைதிகக் குடும்பத்தில் பிறந்த அவருடைய மகள் லட்சுமிக்கும் காந்தியடிகளின் மகன் தேவதாஸுக்கும் 1933-இல் கலப்புத் திருமணம் நடந்தது. 1939 ஜூலையில் அ. வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்களை மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் அழைத்துச் சென்றபோது, அவர்கள்மீது வழக்குப் பாயாதவாறு சட்டப் பாதுகாப்பு அளித்ததும் ராஜாஜியின் அரசுதான்.

செட்டிநாட்டில் பிறந்தவன் என்ற முறையில் நான் கவனிக்கும் சட்டம் இன்னொன்று. 1938-இல் அவர் கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், பழைய கடன்களின் நிலுவை வட்டியைத் தள்ளுபடி செய்தது. அசலைப்போல் இருமடங்கு ஏற்கெனவே கட்டிவிட்டவரின் கடன் தீர்ந்ததாகவே கருதப்பட்டது. கொடுக்கல் வாங்கல் ஒப்பந்தம் புனிதமானது என்பது உலகெங்கும் பழமைவாதிகளின் முதல் பாடம். அதை அவர் துணிந்து மீறினார். அசலுக்கு மேல் வட்டி ஏறக் கூடாது என்ற நம் நாட்டுப் பழைய நெறியொன்றை எடுத்து, புதிய ஒப்பந்தச் சட்டத்தின் தலையில் வைத்தார் என்றும் சொல்லலாம். சேலம் மாவட்டத்தில் 1937-இல் தொடங்கிய மதுவிலக்கால் வருவாய் குறைந்தது. அதை ஈடுகட்ட 1939-இல் பொது விற்பனை வரியை விதித்தார். இந்தியாவில் இவ்வகையில் அதுவே முன்னோடி. இன்றைய சரக்கு, சேவை வரியின் பூர்வ கதையைத் தேடிப் போனால் மதுவிலக்கில் போய் நிற்போம்.

இந்தியைப் பள்ளிகளில் கட்டாயமாக்கியதும் அதே ஆட்சிதான். போராட்டமும் சிறையும், சிறையில் நடராசன், தாளமுத்து ஆகியோரின் மரணமும் தமிழர் அறிந்தவை. அந்த வடு ஆறாதது.

என் பார்வையில் அவருடைய அரசியல் பொருளாதாரத்தின் நடுப்புள்ளி 1952. அந்த ஆண்டுத் தேர்தலில் சென்னை மாநிலத்தில் காங்கிரசுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. கவர்னர் ஜெனரல் பதவி வரை வகித்துவிட்டு ஓய்ந்திருந்த 73 வயது முதியவரை அழைத்து வந்தார்கள். அவர் பேரவைத் தேர்தலில் நிற்கவில்லை. ஆளுநரின் நியமனத்தால் மேலவைக்கு வந்து முதல்வரானார். அந்த வழி சரிதானா என்ற கேள்வி அன்றும் எழுந்தது, இன்றும் எழ வேண்டியதே.

அப்போது போர்க்காலத்தில் தொடங்கிய உணவுக் கட்டுப்பாடு நீடித்துக்கொண்டிருந்தது. விளைந்த நெல்லில் ஒரு பங்கை அரசு கேட்ட விலைக்கு விவசாயி கொடுத்தாக வேண்டும். மீதியை விற்பதற்கும் மாவட்டம் கடந்து கொண்டுபோவதற்கும் தடை. நகரத்தில் ரேஷன் அட்டை, வரிசை, கல்லும் புழுவும் கலந்த அரிசி. கள்ளச் சந்தை தனியே செழித்தது. எங்கள் வறண்ட பூமியில் இருப்பவன் தஞ்சை நெல்லைத் திருட்டுத்தனமாகத்தான் வாங்க வேண்டும் என்பது போன்ற நிலை. ஆட்சிக்கு வந்த சில வாரங்களில், 1952 ஜூனில், ராஜாஜி அந்தக் கட்டுப்பாடுகளை நீக்கினார். விலை தாறுமாறாக ஏறும், பஞ்சம் வரும் என்று அஞ்சியவர்கள் பலர். மத்திய உணவு அமைச்சர் ரஃபி அகமது கித்வாய் துணை நின்றார். அஞ்சியபடி பஞ்சம் வரவில்லை. பதுங்கிக் கிடந்த நெல் கடைக்கு வந்தது. அடுத்தடுத்த விளைச்சலும் கைகொடுத்தது என்பதைப் பொருளாதாரம் படித்தவன் மறைக்கக் கூடாது. 1954-க்குள் நாடு முழுவதுமே கட்டுப்பாடுகள் விலகின.

இங்கிலாந்தின் பழமைவாதப் பிரதமர் ராபர்ட் பீல் 1846-இல் தானிய இறக்குமதிச் சட்டங்களை நீக்கிய வரலாற்றை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் எனக்கு 1952 நினைவுக்கு வரும். பீல் தம் கட்சியின் நிலவுடைமையாளர்களைப் பகைத்துக்கொண்டார், கட்சி உடைந்தது. ராஜாஜியும் அதே ஆண்டில் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்து மிராசுதாரர்களின் மனவருத்தத்தைத் தேடிக்கொண்டார். வணிகனுக்கு விடுதலை, பண்ணையாளுக்குப் பாதுகாப்பு. இந்த இரண்டும் ஒரே மனிதரிடமிருந்து ஒரே ஆண்டில் வந்தன என்பதை வலதுசாரி, இடதுசாரி என்று கோடு போட்டுப் பார்ப்பவர்கள் எங்கே வைப்பார்களோ!

அடுத்த ஆண்டு வந்தது புதிய ஆரம்பக் கல்வித் திட்டம். கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் மூன்று மணி நேரம் மட்டும் வகுப்பு. மீதிப் பொழுதில் பிள்ளை பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் இதைக் குலக்கல்வித் திட்டம் என்று அழைத்தார்கள். அந்தப் பெயரே நிலைத்தது. அரசு சொன்ன காரணத்தையும் நேர்மையாகப் பதிவு செய்ய வேண்டும். பள்ளி வயதுப் பிள்ளைகளில் ஏராளமானோர் பள்ளிக்கு வெளியே இருந்தனர். புதிய கட்டடத்துக்கும் ஆசிரியருக்கும் பணம் இல்லை. ஒரே பள்ளியில் இரண்டு வேளை நடத்தினால் இரு மடங்குப் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது கணக்கு.

எங்கள் வீட்டுக்கு வருகிறேன். என் தந்தையார் தச்சர். செட்டிநாட்டு வீடுகளின் தூண்களையும் நிலைகளையும் பர்மாத் தேக்கில் இழைத்த பரம்பரை. 1953-இல் என் மூத்த அண்ணனுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. காலையில் பள்ளி, மதியத்துக்கு மேல் பட்டறையில் உளி பிடிக்கப் பழக வேண்டும். ஆனால், பட்டறையில் கற்றுத்தர என்ன இருந்தது? 1942-இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்ததோடு நகரத்தார் வட்டித் தொழில் ஒடிந்தது. சுதந்திர பர்மா நிலங்களை நாட்டுடைமையாக்கியது. பணமும் வரவில்லை, தேக்கும் வரவில்லை. எங்கள் ஊரில் புதிய வளவு வீடு எழும்பி அப்போது பத்தாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அப்பாவுக்குக் கிடைத்ததெல்லாம் இற்றுப்போன கதவுக்குக் கீல் மாற்றும் வேலை. பிற்காலத்தில் அதுவும் மாறியது. தம் தந்தை நிறுத்திய தூண்களைப் பழம்பொருள் வணிகர்களுக்காகத் தாமே கழற்றிக் கொடுக்க நேர்ந்தது. வாங்குவாரில்லாத கைத்தொழிலை ஒரு பிள்ளைக்கு அரை நாள் கற்றுக்கொடுக்கச் சொன்னது அரசு.

இதில்தான் நான் ராஜாஜியிடமிருந்து விலகி நிற்கிறேன். சாதியை நிலைநிறுத்தவே அவர் திட்டமிட்டார் என்ற குற்றச்சாட்டுக்குள் நான் போகவில்லை. உள்நோக்கத்தை அளக்கும் கருவி என் துறையில் இல்லை. என் குறை வேறு. நெல் தனக்கு விலை கிடைக்கும் இடத்துக்குப் போகட்டும் என்று முந்தைய ஆண்டுதான் மாவட்ட எல்லையை அவர் நீக்கியிருந்தார். எந்தத் தொழிலுக்கு எவ்வளவு பேர் வேண்டும் என்பது அரசுக்குத் தெரியாது என்பதும் அவர் கருத்துதான். அப்படியிருக்க, தச்சர் மகனுக்குத் தச்சு வேண்டும் என்பது மட்டும் எப்படித் தெரிந்தது? நெல்லுக்குக் கிடைத்த பர்மிட் இல்லாத வாழ்வு எட்டு வயதுப் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. பிறப்பும் ஒரு பர்மிட்தான் என்பதை, பர்மிட்டுகளை அவ்வளவு வெறுத்தவர் காணத் தவறினார்.

எதிர்ப்பு பெருகியது. காங்கிரசுக்குள்ளேயே ஆதரவு கரைந்தது. 1954 ஏப்ரலில் காமராஜர் முதல்வரானார். சில வாரங்களில் திட்டம் கைவிடப்பட்டது. ஓராண்டில் முடிந்துபோன திட்டத்தால்தான் அண்ணன் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது என்று நான் சொன்னால் அது பிழை. வறுமைக்கும் பங்கு உண்டு. முழு நாள் பள்ளியும் மதிய உணவும் கிடைத்த காலத்தில் படித்தவன் நான். அதற்கு மேல் ஒப்பிட எனக்கு உரிமையில்லை.

1959 ஜனவரியில் நாகபுரி காங்கிரஸ் கூட்டுப் பண்ணை விவசாயத்தை ஏற்றுத் தீர்மானம் போட்டது. அந்த ஜூனில் சென்னையில் சுதந்திராக் கட்சி அறிவிக்கப்பட்டது. ராஜாஜிக்கு அப்போது 80 வயது. ஆந்திர விவசாயத் தலைவர் என்.ஜி. ரங்கா தலைவர், மும்பையின் மினூ மசானி பொதுச் செயலாளர். நம் நாட்டில் பழமைவாதம் என்றால் அதுவரை மதமும் சாதியும் சமஸ்தானமும்தான். அந்த மூன்றையும் கொள்கையில் சேர்க்காமல், அரசின் அளவற்ற அதிகாரத்தைக் கண்டு சிறு விவசாயியும் சிறு வணிகனும் கொள்ளும் அச்சத்தின்மீது ஒரு கட்சியைக் கட்ட முயன்றது ராஜாஜியின் தனித்த சாதனை. லைசென்ஸ், பர்மிட், கோட்டா ராஜ்யம் என்ற சொற்கோவையை அரசியலுக்குத் தந்ததும் அவரே. உரிமம் வழங்கும் அதிகாரியும் உரிமம் பெறும் பெருமுதலாளியும் விரைவில் உறவினர் ஆகிவிடுவர் என்பதை அவர் தெளிவாகக் கண்டார். நான் அதை ஆய்வேடுகளில் படித்து அறிய இருபது ஆண்டுகள் ஆயின.

கொள்கை விவசாயிக்காக எழுதப்பட்டது. ஓட்டு அரண்மனைகளிலிருந்து வந்தது. ஜெய்ப்பூரில் மகாராணி காயத்ரி தேவி, பிகாரில் ராம்கர் ராஜா. 1962-இல் மக்களவையில் 18 இடம், 1967-இல் 44. தமிழகத்தில் அவர் வேறு கணக்கும் போட்டார். ஒரு காலத்தில் இந்தியைத் திணித்தவர், ஐம்பதுகளின் பிற்பகுதியில் அதை எதிர்த்தார். 1967-இல் அண்ணாவோடு கைகோத்து, தாம் வளர்த்த காங்கிரசையே வீழ்த்தினார். சுதந்திராக் கட்சிக்கு 20 இடங்கள் கிடைத்தன. திமுகவுக்குத் தனிப் பெரும்பான்மையே கிடைத்துவிட்டதால் ஆட்சியில் அவர் கட்சிக்கு வேலையில்லாமல் போயிற்று. 1971-இல் காமராஜரோடு சேர்ந்து அதே திமுகவை எதிர்த்தார். மக்கள் ஏற்கவில்லை. அந்த ஆண்டு மதுவிலக்கு நீங்கும் என்று தெரிந்ததும், 92 வயதில் முதல்வர் கருணாநிதியின் இல்லத்துக்கே சென்று அதைக் கைவிட வேண்டாம் என்று வேண்டினார். சந்தையில் அரசு தலையிடக் கூடாது என்றவர், இந்த ஒன்றில் மட்டும் அரசின் கையை இறுதிவரை விடவில்லை.

1972 டிசம்பர் 25 அன்று அவர் மறைந்தார். எனக்குப் பதின்மூன்று வயது. எதிர்வீட்டு வானொலியில் செய்தி கேட்டு வந்து சொன்னேன். அப்பா இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு, பட்டறைப் பலகையில் கிடந்த சக்கரவர்த்தித் திருமகன் புத்தகத்தைத் துடைத்து எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்தார். அதை எழுதியவரிடம் அவருக்கு மதிப்பு உண்டு. 1962-இல் சுதந்திராக் கட்சியின் நட்சத்திரச் சின்னத்துக்கு வாக்களித்ததாகவும் சொல்வார். அண்ணன் அதற்கு முன்பே மதுரைக்கு மரக்கடை வேலைக்குப் போய்விட்டிருந்தார். பொங்கலுக்கு வந்தபோது அப்பா அவரிடம் ராஜாஜி போய்விட்டார் என்றார். அண்ணன் தெரியும் என்று மட்டும் சொல்லிவிட்டு, என் கணக்குப் புத்தகத்தை வாங்கிப் புரட்டிக்கொண்டிருந்தார்.