கம்பும் பட்டமும் தந்த விமானம் (சர் ஜார்ஜ் கேலி)

விமானத்தைக் கண்டுபிடித்தது யார்னு கேட்டா ரைட் சகோதரர்கள்னு சட்டுனு சொல்லிடுவோம். அவங்க பறந்தது 1903-ல். ஆனா அதுக்கு 99 வருஷம் முன்னாடியே இறக்கை, உடல், வால் எல்லாம் வைத்த ஒரு குட்டி விமானம் பறந்திருக்கு, தெரியுமா? அதைச் செய்தவர் இங்கிலாந்து நாட்டு சர் ஜார்ஜ் கேலி.

கேலி 27.12.1773 அன்று யார்க்ஷயர் மாவட்டத்து ஸ்கார்பரோவில் பிறந்தார். அவருக்கு 9 வயது இருக்கும்போது (1783) பிரான்சில் வெப்பக்காற்று பலூன் வானில் ஏறியது. ஆனால் பலூன் காற்று அடிக்கிற பக்கம்தானே போகும்? நினைத்த பக்கம் போக என்ன வழி? கேலி வாழ்நாள் முழுவதும் இதையே யோசித்தார்.

அந்தக் காலத்தில் பறக்க நினைத்தவர்கள் பலரும் பறவை மாதிரி இறக்கையை அடித்துப் பார்த்தார்கள். பறவையின் இறக்கை தூக்கவும் செய்யும், முன்னே தள்ளவும் செய்யும். கேலி இந்த இரண்டு வேலையையும் தனித்தனியாகப் பிரித்தார். இறக்கை அசையாமல் இருந்து தூக்கட்டும், தள்ளுவதற்கு வேறொன்று இருக்கட்டும் என்றார். 1799-ல் ஒரு வெள்ளித் தகட்டில் இந்தப் படத்தைச் செதுக்கி வைத்தார்.

1804-ல் ஒரு மாதிரி விமானம் செய்தார். அதன் பாகங்கள் இவைதான்:

உடல்: சுமார் 5 அடி நீளக் கம்பு.
இறக்கை: அந்தக் கம்பின் மேல், முன்பக்கம் கொஞ்சம் நிமிர்த்திக் கட்டிய ஒரு பட்டம். எதிர்க்காற்று கீழே தள்ளப்படுவதால் இறக்கை மேலே தூக்கப்படும்.
வால்: கூட்டல் குறி மாதிரி இருக்கும். படுக்கைப் பகுதி மூக்கு மேலும் கீழும் ஆடாமல் பார்த்துக்கொள்ளும். நிமிர்ந்த பகுதி இடவலம் திரும்பாமல் காக்கும். வேண்டிய கோணத்தில் திருப்பியும் வைக்கலாம்.
எடை: மூக்குப் பக்கம் ஒரு சிறு எடை. இதை நகர்த்தினால் ஈர்ப்பு மையம் மாறும்.

இன்றைய பெரிய விமானத்திலும் இறக்கை, உடல், வால் இப்படித்தானே இருக்கு!

அப்புறம் ஏன் அவர் விமானம் விடவில்லை? எஞ்சின் இல்லை! அன்றைய நீராவி எஞ்சின் ரொம்ப கனம். வெடிமருந்தில் ஓடும் எஞ்சினையும் முயன்றார், பலன் இல்லை. தள்ளுவதற்கு ஆள் கிடைக்காமல் போச்சு. ஆனாலும் கேலி விடவில்லை. 1809-10-ல் தன் கணக்குகளைக் கட்டுரையாக வெளியிட்டார். 1853-ல், 79 வயதில், பெரிய கிளைடர் செய்து தன் வேலையாள் ஒருவரை ஏற்றி பிராம்ப்டன் பள்ளத்தாக்கின் மேல் பறக்கவிட்டார். இறங்கியதும் அவர் வேலையே வேண்டாம்னு போயிட்டார்னு ஒரு கதை உண்டு!

15.12.1857 அன்று கேலி இறந்தார். எஞ்சினோடு விமானம் பறந்ததை அவர் பார்க்கவில்லை. ஆனால் பின்னால் வந்த ரைட் சகோதரர்கள் அவர் எழுதியதை மதித்தார்கள்.

செய்து பாருங்க: ஈர்க்குச்சியில் அட்டை இறக்கையும் வாலும் ஒட்டி, மூக்கில் களிமண் வைத்து மெதுவாக விடுங்க. மூக்கு தூக்கி நின்று விழுந்தால் களிமண்ணைக் கூட்டுங்க. நேராகக் குத்தி விழுந்தால் குறைங்க. கேலி எடையை நகர்த்தினது எதுக்குன்னு அப்போ புரியும்!

- 9-ஆம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு