ஹெரிமனின் கறுப்புப் பூனை

அமெரிக்கப் பத்திரிகைகளில் விகடச் சித்திரம் வரைந்து கீர்த்தி பெற்ற ஜார்ஜ் ஹெரிமன், தமது பிறப்பை ஆயுள் முழுவதும் மறைத்து வாழ்ந்தவர். அதுபற்றி அவரைக் கோழை என்று இகழ்வோரும் இருக்கக்கூடும். தீர்ப்புச் சொல்லுமுன் அவருடைய சரித்திரத்தை விசாரிப்பதே நியாயமென்று கருதுகிறோம்.

1880ஆம் ஆண்டில் லூயிசியானா மாகாணத்து நியூ ஆர்லியன்ஸ் நகரில், கலப்பு வம்சத்துத் தையற்காரர் ஒருவரின் புதல்வராக ஹெரிமன் பிறந்தார். ஜனனப் பதிவில் அவர் வெள்ளையரல்லாதவர் என்றே குறிக்கப்பட்டது. 1890இல் அம்மாகாணத்துச் சட்டசபை, ரயிலில் வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனிப் பெட்டிகள் என்று சட்டம் செய்தது. ஏறக்குறைய அச்சமயத்தில் அவர் குடும்பத்தார் லாஸ் ஏஞ்சல்ஸில் குடியேறி, வெள்ளையராகவே வாழத் தலைப்பட்டனர். 1896இல் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டும் அச்சட்டத்தை ஊர்ஜிதம் செய்தது. நீதிஸ்தலமே கதவடைத்த தேசத்தில் பிள்ளைகளுக்குப் பிழைக்கும் வழி தேடிய பெற்றோரை யார் குறைகூற வல்லார்?

பத்திரிகை உலகில் நண்பர்கள் அவரைக் கிரேக்கரென்று அழைத்தனர். தலையிலிருந்து தொப்பியை அவர் எடுப்பது அபூர்வம். 1913 முதல் ஹெர்ஸ்டின் பத்திரிகைகளில் 'கிரேஸி காட்' என்னும் தொடர்சித்திரத்தை வரைந்து வந்தார். கறுப்புப் பூனையொன்று இக்னாட்ஸ் என்னும் வெள்ளெலியை நேசிக்கிறது. எலியோ அதன் தலையில் செங்கல்லை வீசுகிறது. அந்த அடியையே அன்பின் அடையாளமாகப் பூனை ஏற்றுக்கொள்கிறது. பூனையிடம் காதல் கொண்ட நாய்ப் போலீஸ்காரன் எலியைச் சிறையிலிடுகிறான். ஒரு சமயம் பூனை அலங்கார நிலையத்துக்குச் சென்று வெள்ளை நிறமாகத் திரும்புகிறது. உடனே எலி அதனிடம் மோகங்கொள்கிறது! நிறம் மாறினால் அன்பும் மரியாதையும் மாறும் உலகத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டவும் கூடுமோ? வாயால் சொல்ல முடியாததை அவர் பேனா சொல்லிற்று.

1944இல் ஹெரிமன் காலமானார். மரணப் பதிவில் வெள்ளையரென்று எழுதப்பட்டது. பத்தாண்டு கழித்து, 1954இல், நிறவாரியாகப் பள்ளிக்கூடங்களைப் பிரிப்பது செல்லாதென்று அதே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. 1971இல்தான் அவருடைய ஜனனப் பதிவு பகிரங்கமாயிற்று.

ஒரே மனிதர் பிறக்கையில் ஒரு நிறம். இறக்கையில் வேறு நிறம்! நிறபேதம் இயற்கையின் விதியல்ல, மனிதர் காகிதத்தில் எழுதிய கட்டுக்கதையே என்பதற்கு இதனினும் வேறு சாட்சியம் வேண்டுவதில்லை. மறைத்தவர் மீது குற்றமில்லை. மறைக்கும்படி கட்டாயப்படுத்திய சட்டமே குற்றவாளிக் கூண்டில் நிற்கவேண்டுமென்பது நமது முடிவு.