எழுத்தை ஓவியமாக்கிய பணிக்கர்

சென்னையிலிருந்து மாமல்லபுரத்திற்குக் கடலோரமாகச் செல்லும் சாலையில், ஈஞ்சம்பாக்கத்தில், சோழமண்டலம் ஓவியர் கிராமம் அமைந்துள்ளது. அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அம்மணற்பரப்பில் 1966-இல் அதனைத் தம் மாணவர்களோடு நிறுவியவர் ஓவியர் கே. சி. எஸ். பணிக்கர் ஆவார்.

1911-இல் கோயம்புத்தூரில் பிறந்த பணிக்கர், குடும்பத்தைக் காக்கும் பொருட்டு இளமையிலேயே தந்தித் துறையில் பணிபுரிந்தார். 25-ஆம் வயதில்தான், 1936-இல், சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். வயது கடந்துவிட்டதென்று படிப்பைக் கைவிட எண்ணும் நம் இளைஞர் இதனைக் கருதிப் பார்த்தல் வேண்டும். பின்னர் அப்பள்ளியிலேயே ஆசிரியராகி, 1957 முதல் 1967 வரை முதல்வராகவும் விளங்கினார்.

தொடக்கத்தில் இயற்கைக் காட்சிகளை நீர்வண்ணத்தில் தீட்டியவர் அவர். 1954-இல் இலண்டனிலும் பாரிசிலும் கண்காட்சி நடத்தித் திரும்பிய பின்னர், மேனாட்டாரைப் பின்பற்றாத ஓவிய மொழியொன்றைத் தேடலானார். அஃது அவருக்குக் கிட்டிய இடம் வியப்புக்குரியது. ஒரு மாணவரின் கணக்கு நோட்டுப் புத்தகந்தான் அது! கட்டமிட்ட தாள், எண்கள், வடிவியல் கோடுகள், நெருங்கிய எழுத்துகள் ஆகியவற்றைப் பொருளுக்காக அன்றி வடிவுக்காகவே அவர் கண்டார். 1963 முதல் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் ஓவிய வரிசை பிறந்தது.

அவ்வோவியங்களில் மலையாள எழுத்தை ஒத்த வரிகளும், ஜாதகக் கட்டங்களும், கணக்குக் குறிகளும் நிறைந்திருக்கும். வாசிக்க முயன்றால் மலையாளம் அறிந்தவர்க்கும் ஒன்றும் விளங்காது. ஜாதகத்தை நம்பும்படி கூறவும் அவர் அவற்றை வரைந்தாரல்லர். சொல்லவேண்டிய பொருளை முன்னரே வகுத்துக்கொள்ளாமல், கண்ணும் உள்ளுணர்வும் ஒப்பிய இடத்தில் கோட்டையும் எழுத்தையும் நிறுத்தினார்.

எழுத்து மறுக்கப்பட்ட நம் முன்னோர்க்குப் பத்திரத் தாளும் ஏறத்தாழ இவ்வாறே தோன்றியிருக்கும். கைநாட்டு வைத்தவர் அஞ்சி நோக்கிய கோடுகளைக் கற்றறிந்த பணிக்கர் அழகென்று கண்டார். எழுத்தைக் கைக்கொண்ட பின்னரே அதன் பொருளைத் துறந்து விளையாட இயலும் போலும்.

ஓவியம் விற்று உண்ணுதல் அரிதாயிருந்த காலம் அது. ஆகவே பணிக்கரும் மாணவரும் துணியில் மெழுகிட்டுச் சாயமேற்றும் பாத்திக் முதலிய கைத்தொழில்களில் ஈடுபட்டனர். கைத்தொழிலைத் தாழ்வென்று எண்ணாத அவர்கள், அவ்வருவாயைக் கொண்டே ஏறக்குறைய 10 ஏக்கர் நிலத்தை வாங்கித் தம் கையாலேயே குடில்கள் அமைத்தனர்.

1977 சனவரியில் பணிக்கர் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய ஓவியக் காட்சியகம் 2009-இல் அக்கிராமத்தில் திறக்கப்பெற்றது. மாமல்லபுரம் செல்லும் நம் மாணவர் வழியில் இறங்கி, அந்த வாசிக்க இயலா எழுத்துகளின் முன் சற்று நின்று வரலாம்.