ஒதுக்கினர் ஊரார் — ஓதவைத்தார் ஓர் அம்மையார்!

பண்ருட்டிப் பலாவைப் பற்றிப் பண்ருட்டித் தோழர்களுக்கு நாம் பாடம் சொல்லத் தேவையில்லை. வெளியே முள், உள்ளே சுளை! முள்ளைக் கண்டு முகம் சுளித்து, இது உதவாது என்று கெடிலத்து மணலிலே உருட்டிவிட்டுப் போகிறவன் ஒருவன் இருந்தால், சந்தையே அவனைப் பார்த்துக் கைகொட்டிச் சிரிக்கும். கையிலே எண்ணெயைத் தடவிக்கொண்டு, கத்தியைப் பக்குவமாகப் போட்டு, பிசின் ஒட்டாமல், சுளை சிதையாமல் எடுக்கத் தெரிந்தவர்கள் நமது தோழர்கள். பழத்தினிடம் காட்டும் அந்தப் பொறுமையைப் பள்ளிக்கூடத்திலே, ஒரு பிள்ளையினிடம் காட்டுகிறோமா? அதுதான் கேள்வி.

எந்த ஊர்த் தொடக்கப் பள்ளிக்கு வேண்டுமானாலும் சென்று பாருங்கள். கடைசி வரிசையிலே ஒரு குழந்தை இருக்கும். எழுத்தை இடம் மாற்றி எழுதும். ஒரு சொல்லைப் பேச ஒரு நாழிகை எடுக்கும். காது மந்தம், ஆசிரியர் கூப்பிட்டால் திரும்பாது. அல்லது ஓரிடத்தில் உட்காராது. மண்டு என்பான் ஒருவன். மக்கு என்பான் மற்றொருவன். வீட்டிலே பெற்றவளோ, போன பிறவியிலே என்ன பாவம் செய்தேனோ என்று புலம்புவாள். பூசாரி கயிறு கட்டுவான். சோதிடன் கட்டம் போடுவான். பிள்ளை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்!

தலையெழுத்து என்ற இந்தத் தீர்ப்பு நமக்குப் புதிதா, தோழர்களே? உழுகிறவன் மகனுக்கும், வெளுக்கிறவன் மகனுக்கும், தெருவிலே நடக்கவே உரிமை மறுக்கப்பட்டவன் மகனுக்கும் படிப்பு வராது, பிறப்பே அப்படி என்று ஒரு காலத்திலே தீர்ப்பு எழுதி வைத்திருந்தனரே! எழுத்தைக் கொடுக்காமல் இருந்துகொண்டே, எழுத்து ஏறாது என்றனர். கதவைச் சாத்தியவனே, அவன் உள்ளே வரவில்லை பார் என்று குற்றம் சாட்டினான். அந்தப் பொய்யை நாம் அடையாளம் கண்டுகொண்டோம். அதே பொய்யை, குறையோடு பிறந்த குழந்தையின் மீது நாமே சுமத்தலாமா?

அந்தப் பொய்யைத் தகர்த்த ஒரு பெண்மணியின் வாழ்க்கையை இன்று நினைவுபடுத்த விரும்புகிறோம். மரியா மாண்டிசோரி அம்மையார்! பெயரைக் கேட்டதும், பட்டணத்துப் பங்களா வாசலில் தொங்கும் பள்ளிப் பலகை நினைவுக்கு வரும். காலணியும் கழுத்துப் பட்டையும் அணிந்த சீமான் வீட்டுச் செல்வங்கள் இறங்கி வரும் காட்சி தோன்றும். அந்தப் பலகை அம்மையாரின் முழு வரலாற்றைச் சொல்லாது. அவர் பாடம் கற்றது பைத்தியக்கார விடுதியிலே! அதைச் சோதித்துக் காட்டியது பாட்டாளிகளின் சேரியிலே!

இத்தாலி நாட்டில், கியாராவல்லே என்ற ஊரில், 1870 ஆகஸ்ட் 31இல் அவர் பிறந்தார். தந்தை அரசாங்க அலுவலர்; பழமையிலே பற்றுள்ளவர். பெண் படித்தால் ஆசிரியை ஆகலாம், அதற்கு மேல் என்ன வேண்டும் என்று கருதிய காலம் அது. மகளோ ஆண் பிள்ளைகள் படிக்கும் தொழில்நுட்பப் பள்ளிக்குச் சென்றார். பிறகு மருத்துவம்தான் படிப்பேன் என்று நின்றார். தாய் ரெனில்டே துணை நின்றார். ரோம் பல்கலைக் கழகத்திலே இடம் கிடைத்தது, மரியாதை கிடைக்கவில்லை. ஆண்களோடு நின்று பெண்ணொருத்தி பிணத்தை அறுத்துப் பார்ப்பதா என்றனர். எல்லோரும் வீடு திரும்பிய பிறகு, பிண அறையிலே தன்னந்தனியே நின்று படித்தார் அந்த மங்கை! 1896இல் பட்டம் பெற்றார். இத்தாலியில் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் சில பெண்களில் அவரும் ஒருவர்.

பட்டம் பெற்றவர் பணக்காரர் வீட்டு நாடியைப் பிடித்துப் பணம் குவித்திருக்கலாம். அவரோ பல்கலைக் கழகத்தின் மனநோய் மருத்துவப் பிரிவிலே சேர்ந்து, ரோம் நகரின் பைத்தியக்கார விடுதிகளுக்குச் சென்றார். அங்கே அவர் கண்டது நோயாளிகளை மட்டுமல்ல, குழந்தைகளையும்! அறிவு வளர்ச்சி குன்றிய சிறுவர் சிறுமியரைச் சேர்த்துக்கொள்ளப் பள்ளி இல்லை. ஆகவே பித்தரோடு பித்தராக அடைத்து வைத்திருந்தனர். வெற்று அறை, விளையாடப் பொருளில்லை, பார்க்கப் படமில்லை. சாப்பாடு முடிந்ததும் தரையிலே சிந்திய ரொட்டித் துணுக்குகளை அந்தக் குழந்தைகள் பொறுக்கின. பாருங்கள் பேராசையை என்று காவற்காரி அருவருத்தாளாம். அம்மையாரின் கண்ணுக்கு வேறொன்று தெரிந்தது. வயிற்றுப் பசியா அது? கைக்கு வேலை கேட்கும் பசி! அந்த அறையிலே விரலால் தொட்டு, உருட்டி, ஆராய்ந்து பார்ப்பதற்கு ரொட்டித் துணுக்கைத் தவிர வேறெதுவும் இல்லை.

அன்று அவர் மனத்திலே ஒரு முடிவு முளைத்தது. இந்தக் குழந்தைகளுக்கு மருந்தைவிட முதலில் தேவை ஆசிரியர். தமக்கு முன்னே இந்தப் பாதையிலே நடந்தவர்களைத் தேடினார். காட்டிலே பிடிபட்ட, பேச்சறியாத சிறுவனுக்குக் கல்வி புகட்ட ஆண்டுக்கணக்கில் முயன்ற பிரெஞ்சு மருத்துவர் இத்தார் கிடைத்தார். அவருடைய மாணவரும், அறிவு குன்றிய குழந்தைகளுக்கென்றே பள்ளி நடத்தியவருமான செகேன் கிடைத்தார். உலகம் மறந்து மூலையிலே போட்டிருந்த அவர்களுடைய நூல்களை எடுத்துப் படித்தார். பின்னாளில் அவற்றைத் தம் கையாலேயே இத்தாலிய மொழியில் பெயர்த்து எழுதினார் — அவ்வளவு ஊன்றிப் படிக்க வேண்டும் என்பதற்காக!

1898இல் தூரின் நகரிலே கல்வியாளர் மாநாடு. அங்கே எழுந்து, இந்தக் குழந்தைகளுக்குப் பள்ளி வேண்டும் என்று முழங்கினார். 1900இல், இத்தகைய குழந்தைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க ரோமிலே ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. மொந்தேசானோ என்ற மருத்துவரும் மாண்டிசோரி அம்மையாரும் அதன் இணை இயக்குநர்கள். பகலெல்லாம் குழந்தைகளோடு உழைப்பார். இரவெல்லாம் கண்டதைக் குறித்து வைப்பார்.

என்ன செய்தார் அங்கே? மந்திரமா? இல்லை, மரத்துண்டு! ஒரு கட்டையிலே பத்துக் குழி, பத்து உருளை. பொருந்தாத குழியிலே உருளை உட்காராது. தவறு செய்தாயே என்று ஆசிரியர் அதட்ட வேண்டியதில்லை, கட்டையே சொல்லிவிடும். குழந்தை தானே எடுத்து, தானே மாற்றி வைக்கும். மரத்திலே எழுத்தைச் செய்து கொடுத்தார். குழந்தை விரலால் தடவித் தடவி, கண்ணுக்குப் பிடிபடாத எழுத்தைக் கையினால் பிடித்துக்கொண்டது. பொத்தான் போட, நாடா முடிய, தனித்தனியே சட்டங்கள்.

கை வழியே மூளைக்குச் செல்லும் பாதை! இது உழைப்பாளிக்கு விளங்காத தத்துவமா? முந்திரிக் கொட்டையை உடைத்துப் பருப்பு நொறுங்காமல் எடுக்கிறார்களே நமது தாய்மார்கள், அந்தப் பக்குவத்தை எந்தப் புத்தகத்திலே படித்தார்கள்? கைதானே கற்பித்தது! மணலிலே விரலால் எழுதிப் பழகும் முறை நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிகளிலும் இருந்ததுதான். 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலே சென்னையிலே இருந்த ஆண்ட்ரூ பெல் என்ற வெள்ளைக்காரர் அதைக் கண்டு வியந்து, இங்கிலாந்து வரை எடுத்துச் சென்றார். ஆனால் அந்த மணல் எல்லோருடைய விரலுக்கும் எட்டியதா என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

கழித்துக் கட்டப்பட்ட அந்தக் குழந்தைகளில் சிலர், மற்றப் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் பொதுத் தேர்வை எழுதினர், தேறினர்! ரோம் வியந்தது. அம்மையார் வியப்பிலே மயங்கிவிடவில்லை. வேறொரு கேள்வியைத் திருப்பிப் போட்டார்: குறையுள்ள பிள்ளைகளே இவ்வளவு தூரம் வந்துவிட்டார்கள் என்றால், குறையற்ற பிள்ளைகளை நம் பள்ளிகள் எவ்வளவு கீழே அமுக்கி வைத்திருக்க வேண்டும்? குற்றவாளிக் கூண்டிலே குழந்தை நின்றது. அம்மையார் அதை இறக்கிவிட்டு, பள்ளியை ஏற்றினார்!

இந்த வெற்றிக்குப் பின்னால் ஒரு வேதனையும் உண்டு. மொந்தேசானோவுக்கும் அவருக்கும் பிறந்த மகன் மாரியோ. திருமணம் நடக்கவில்லை. தாய் என்று தெரிந்தால் வேலையும் போகும், பெயரும் போகும். பெண்ணுக்கு மட்டும் சமுதாயம் வகுத்த நீதி அப்படி! குழந்தை நாட்டுப்புறத்திலே வேறொரு குடும்பத்தில் வளர்ந்தது. மொந்தேசானோ வேறு பெண்ணை மணந்தார். 1901இல் அம்மையார் பள்ளியை விட்டு வெளியேறினார். ஊரார் பிள்ளைகளை மடியிலே வைத்துக் கற்பித்த தாய், பெற்ற பிள்ளையைத் தூரத்திலிருந்து பார்த்துத் திரும்பினார். பிற்காலத்தில் மகன் தாயிடம் வந்து சேர்ந்து, இறுதிவரை வலக்கரமாக நின்றார்.

ரோம் நகரிலே சான் லொரென்சோ என்றொரு பகுதி. பாட்டாளிகளின் இருப்பிடம். தாயும் தந்தையும் விடிந்தால் வேலைக்குப் போய்விடுவர். பிள்ளைகள் படிக்கட்டிலும் சுவரிலும் கிறுக்கும். சுவர் கெடுகிறதே என்று கட்டடக்காரர்களுக்குக் கவலை! அந்தக் கவலையிலே பிறந்ததுதான், 1907 ஜனவரி 6இல் திறக்கப்பட்ட குழந்தைகள் இல்லம். விடுதிக் குழந்தைகளுக்காகச் செய்த அதே கருவிகளை அம்மையார் இங்கே பரப்பினார். குழந்தையின் உயரத்துக்கு மேசை, குழந்தையின் கைக்கு எட்டும் அலமாரி, குழந்தையே தேர்ந்தெடுக்கும் வேலை. நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் எழுதத் தொடங்கினர்! உலகெங்கிலுமிருந்து கல்வியாளர்கள் அந்தச் சேரியைத் தேடி வந்தனர்.

இங்கேதான், தோழர்களே, அடிக்கோடிட வேண்டிய செய்தி இருக்கிறது. வல்லவனுக்காகச் செய்த கல்வி, மெலிந்தவனுக்கு எட்டவில்லை. மெலிந்தவனுக்காகச் செய்த கல்வியோ, எல்லோருக்கும் பயன்பட்டது! வாசலிலே சாய்தளம் அமைத்தால், சக்கர நாற்காலியும் ஏறும், சுமை தூக்கியும் ஏறுவான், கிழவியும் ஏறுவாள். படி மட்டும் கட்டினால்?

புகழ் வந்தது; அதிகாரமும் பின்னாலேயே வந்தது. முசோலினி முதலில் அம்மையாரின் பள்ளிகளை ஆதரித்தான்; அம்மையாரும் அந்த ஆதரவை ஏற்றார். ஆனால் தானே சிந்திக்கும் குழந்தையும், சொன்னதைச் செய்யும் படையும் ஒரே கூரையின் கீழ் எத்தனை நாள் இருக்க முடியும்? 1934இல் உறவு முறிந்தது, பள்ளிகள் மூடப்பட்டன, அம்மையார் நாட்டை விட்டு வெளியேறினார். ஸ்பெயின் சென்றார், 1936இல் அங்கே உள்நாட்டுப் போர். ஹாலந்து சென்றார், 1939இல் உலகப் போர்.

அந்த 1939இல்தான், 69 வயதிலே, சென்னை அடையாறு வந்து இறங்கினார். அழைத்தது பிரம்மஞான சபை. அந்தச் சபையின் தத்துவத்துக்கும் நமக்கும் தூரம் அதிகம். ஆனாலும் அங்கே நடந்த பயிற்சி வகுப்பிலே ஏறக்குறைய 300 பேர் சேர்ந்தனர் என்பதை மறைக்கத் தேவையில்லை. 1940 ஜூனில் இத்தாலி போரிலே குதித்தது. வெள்ளை அரசாங்கம் மகன் மாரியோவைச் சிறைமுகாமில் அடைத்தது; அம்மையாரை அடையாறு எல்லைக்குள் நிறுத்தியது. அவருடைய 70ஆவது பிறந்த நாளையொட்டி மகனை விடுவித்தது. பின்னர் கொடைக்கானலிலே தங்கிக் குழந்தைகளோடு ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். போர் முடிந்து, 1946இல் ஐரோப்பா திரும்பினார். மீண்டும் இந்தியா வந்தார். 1952 மே 6இல் ஹாலந்திலே கண்மூடினார்.

அவர் விட்டுச் சென்ற விதை தமிழகத்திலே பணக்காரத் தோட்டத்தில் மட்டும் முளைத்ததா? இல்லை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளிலே செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007 முதல் மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. ஆசிரியரும் பிள்ளைகளும் பாயிலே ஒன்றாக அமர்ந்தனர். குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்துக்குக் கரும்பலகை இறங்கி வந்தது. ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்திலே அட்டை அட்டையாக ஏறியது. ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கட்டணமின்றிக் கிடைத்தது, பங்களாப் பள்ளியின் தத்துவம்!

சட்டமும் வந்திருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் கல்வியை உரிமையாக்கியது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், முன்பு 7 வகையாக இருந்த குறைபாடுகளை 21 ஆக விரித்தது. எழுத்தும் கணக்கும் பிடிபடாத கற்றல் குறைபாடும் அதிலே அடங்கும். குறைபாடு 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள பிள்ளைக்கு 18 வயது வரை இலவசக் கல்வி, அருகிலுள்ள பள்ளியிலேயே! சிறப்பாசிரியர்கள் வட்டார வள மையங்களின் வழியே பணியாற்றுகின்றனர். பொதுத் தேர்விலே கூடுதல் நேரமும், சொல்வதை எழுத ஆளும் பெற வழி இருக்கிறது.

சட்டம் ஏட்டிலே இருக்கிறது. பிள்ளை வீட்டு மூலையிலே இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வைக்க யார் இருக்கிறார்கள்? கிளைக் கழகத் தோழர் இருக்கிறார்! வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறத் தெரிந்தவருக்கு, பள்ளிக்குப் போகாத பிள்ளை எந்த வீட்டிலே இருக்கிறது என்று தெரியாதா? பெற்றோரிடம் பக்குவமாகப் பேசுங்கள். வெட்கப்பட வேண்டியது எதுவுமில்லை என்று சொல்லுங்கள். தலைமை ஆசிரியரிடம் அழைத்துச் செல்லுங்கள். முதலில் காதையும் கண்ணையும் சோதிக்கச் சொல்லுங்கள். மக்கு என்று பெயர் வாங்கிய பிள்ளைக்கு ஒரு மூக்குக் கண்ணாடியே போதுமானதாக இருக்கலாம்! முன் வரிசையிலே உட்கார வைக்கவும், பாடத்தைச் சிறு சிறு துண்டாகக் கொடுக்கவும், தொட்டுப் பார்க்கப் பொருள் கொடுக்கவும், பக்கத்திலே ஒரு தோழனை அமர்த்தவும் ஆசிரியரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அறுபது பிள்ளைகளின் சுமையைத் தூக்கும் ஆசிரியரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அவருக்குத் துணை ஆசிரியர் வேண்டும் என்று அதிகாரியிடம் சண்டை போடுங்கள்!

எல்லாப் பிள்ளையும் தேர்விலே தேறிவிடுமா? தேறாது. சில பிள்ளைகள் தன் சட்டைக்குத் தானே பொத்தான் போடக் கற்பதற்கே இரண்டு ஆண்டு ஆகலாம். ஆகட்டுமே! அந்தப் பொத்தானுக்கும் ஒரு பாடத்திட்டம் வகுத்தாரே அம்மையார்! தானே உடுத்தி, தானே உண்டு, தன் பெயரைத் தானே எழுதும் நாள், அந்தப் பிள்ளைக்குப் பட்டமளிப்பு விழா நாள்.

நம்மை ஒதுக்கியவர்களிடம் நாம் கேட்டது கருணை அல்ல, உரிமை. கடைசி வரிசைக் குழந்தைக்கு வாய் திறந்து அதைக் கேட்கத் தெரியாது. அதன் வாயாக நாம் இருப்போம்!