பாங்குக் கணக்கும் பறந்து வந்த ஏடும்

மன்னாருக்குத் தெற்கே அரிப்புக் கடலோரத்தில் இடிந்து நிற்கும் அல்லிராணிக் கோட்டையைக் கண்டவர் பலர். பெயர்தான் அல்லிராணியுடையது, அதைக் கட்டுவித்தவர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையை ஆண்ட தேசாதிபதி பிரெடெரிக் நோர்த். முத்துச் சலாபத்தை மேற்பார்வை செய்ய எழுந்த அம்மாளிகையை அலை சிறிது சிறிதாக அரித்து வந்திருக்கிறது. கடலில் வந்த பொருள் அடுத்த தலைமுறைக்கு நிலைக்குமோ என்ற அச்சம் கரையோரத்துச் செல்வருக்குப் புதிதன்று. அதனாலேயே பிள்ளையைக் கணக்குப் பெட்டியின் முன் இருத்திவிட அவர்கள் அவசரப்படுவர். அதே அச்சத்தால் கல்கத்தாவிலே நெஞ்சு நொந்த தந்தை ஒருவர் இருந்தார். அவர் பெயர் துவாரகாநாத தாகூர். அவரைத் துயருறுத்திய மூத்த மகனே பிற்காலத்தில் மகரிஷி எனப் போற்றப்பட்ட தேவேந்திரநாதர்.

துவாரகாநாதர் சாமானியச் செல்வர் அல்லர். அவுரி, பட்டு, நிலக்கரி, நீராவிப் படகு என்று அவர் கை வைக்காத தொழில் குறைவு. 1829இல் யூனியன் பாங்கை நிறுவியவர்களுள் முதன்மையானவர். 1834இல் ஆங்கிலேயர் ஒருவரைக் கூட்டாளியாகக் கொண்டு கார், தாகூர் கம்பெனியைத் தொடங்கினார். இங்கிலாந்து சென்றபோது விக்டோரியா மகாராணியின் விருந்தினராகவும் இருந்தார். மக்கள் அவரை இளவரசர் என்றே அழைத்தனர்.

1817இல் பிறந்த தேவேந்திரநாதரை, இந்துக் கல்லூரிப் படிப்பு முற்றுப்பெறுமுன்னரே, தந்தையார் யூனியன் பாங்கில் அமர்த்தினார். அங்கே சிற்றப்பா இராமநாத தாகூர் சிறாப்பர். மகன் அவருக்கு உதவியாளர். காலை பத்து மணிக்குச் சென்றால் அன்றைய ரொக்கம் சரிபார்த்து முடியும்வரை எழுந்திருக்க இயலாது. சில நாட்களில் இரவு பத்தும் ஆகிவிடும். மகனோ அக்காலத்தில் ஆடம்பரத்தில் மூழ்கிய இளைஞர். தொழிலில் ஊக்கமில்லை, வேறெதிலும் ஊன்றிய நாட்டமும் இல்லை.

அவர் மனத்தை முதலில் அசைத்தது பாட்டியாரின் மரணம். கங்கைக் கரையில் அந்த அம்மையாரின் இறுதி நாட்களின்போது, முழுநிலவு காய்ந்த இரவொன்றில் முரட்டுப் பாயின்மேல் அமர்ந்திருந்த இளைஞருக்குச் செல்வத்தின்மீது திடீரென்று ஒரு வெறுப்பும், அதுவரை அறியாத ஓர் இன்பமும் ஒருங்கே உண்டாயின. பின்னொரு நாள் ஏதோ ஒரு சமஸ்கிருத நூலின் கிழிந்த ஏடு அவர் முன்னே பறந்து வந்தது. பொருள் விளங்கவில்லை. அதை வீட்டுப் பண்டிதரிடம் கொடுத்துவிட்டுப் பாங்குக்குச் சென்றார். அன்று ரொக்கக் கணக்கு முடியும்வரை அவரால் பொறுத்திருக்க இயலவில்லை. சிற்றப்பாவிடம் விடைபெற்று விரைந்து வீடு திரும்பினார். அவ்வேடு ஈசோபநிடதத்தின் பகுதி என்று அறிந்தார். இராமச்சந்திர வித்தியாவாகீசர் அதன் பொருளை விளக்கினார். 1839இல் தத்துவபோதினி சபை பிறந்தது. 1843இல் அவர் முறைப்படி பிரம்ம சமயத்திற் சேர்ந்தார்.

தந்தையின் நிலையை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பெல்காச்சியா மாளிகையில் அவர் ஆங்கிலப் பிரமுகர்க்குப் பெருவிருந்து வைத்த நாளிலே, வரவேற்க வேண்டிய மூத்த மகன் சபைக் கூட்டத்தை எண்ணி இடையில் நழுவிவிட்டார். முன்பே தொழிலில் நாட்டமற்றவனை வேதாந்தம் சொல்லி இன்னும் கெடுக்கிறீரே என்ற கருத்துப்பட வித்தியாவாகீசரை அவர் கடிந்துகொண்டார். அது நியாயமற்ற கோபம் என்று நாம் சொல்லமாட்டோம். ஆயிரம் பேர் பிழைப்புத் தங்கியிருந்த நிலையங்களை ஏற்க வேண்டியவர் இந்த மகனல்லவா? 1846இல் இலண்டனிலிருந்து எழுதிய கடிதத்திலும், நிலபுலன் பாழாக, மகன் பத்திரிகை எழுதுவதிலும் பாதிரிமாருடன் வாதிடுவதிலும் பொழுது போக்குவதாகக் கடுமையாக நொந்துகொண்டார். அவ்வாண்டு ஆகஸ்ட் 1ஆம் திகதி அங்கேயே காலமானார்.

ஆனால் அவர் மகனை அறிந்த தந்தை. கம்பெனியில் தமது பாதிப் பங்கை மரணசாதனத்தால் அவருக்கே விட்டார். அதே சமயம், 1840இலேயே சில பெரும் நிலங்களை நம்பிக்கைச் சாசனத்தில் அடக்கி, கடன்காரர் கை தீண்டாதபடி செய்திருந்தார். மகனுக்குச் சாமர்த்தியம் வராமற்போனாலும் சோற்றுக்கு வழியிருக்க வேண்டுமென்ற முன்யோசனை அது.

1848இன் தொடக்கத்தில் யூனியன் பாங்கு வீழ்ந்தது. கம்பெனியும் உடன் வீழ்ந்தது. கொடுக்க வேண்டியது ஒரு கோடி ரூபா. வரவேண்டியது எழுபது இலட்சம். கடன்காரர் கூடிய சபையிலே, சாசனத்திலுள்ள நிலங்களைத் தீண்ட எவருக்கும் உரிமையில்லை என்று கூறப்பட்டது. தேவேந்திரநாதரும் தம்பி கிரீந்திரநாதரும் அந்நிலங்களையும் கடனுக்கே ஒப்படைக்க முன்வந்தனர். கேட்ட சிலருக்குக் கண்ணீர் வந்ததாம். ஆண்டுக்கு இருபத்தையாயிரம் ரூபா குடும்பச் செலவுக்கென்று கடன்காரரே விட்டுக்கொடுத்தனர். வண்டிகள் விற்கப்பட்டன, ஏவலாளர் குறைக்கப்பட்டனர், உணவும் எளிதாயிற்று. பல்லாண்டு உழைத்துக் கடன் முழுவதும் தீர்க்கப்பட்டது. தந்தையார் ஒரு தரும ஸ்தாபனத்துக்கு வாக்களித்திருந்த ஓர் இலட்சத்தையும் வட்டியுடன் செலுத்தினார் மகன். பொருள் ஈட்டுவதில் ஊக்கமில்லாதவர் பொருளைத் திருப்பிக் கொடுப்பதிற் காட்டிய ஊக்கம் இது. தந்தை கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பாரோ, தமது முன்யோசனையைக் கெடுத்தானே என்று சினந்திருப்பாரோ, அறியோம்.

1859இல் அவர் நம் இலங்கைக்கும் கப்பலேறி வந்தார். உடன் வந்தோர் மகன் சத்தியேந்திரநாதரும், வீட்டாரிடம் சொல்லாமலே புறப்பட்ட இளைஞர் கேசவ சந்திர சேனரும். திரும்பியபின் கேசவரின் குடும்பத்தார் செய்த காரியம், அவரை வங்காள பாங்கில் எழுத்தராக்கியது! வங்காளத்துத் தந்தைமார்க்கு அந்நாளில் தெரிந்த மருந்து அது ஒன்றே போலும். 1861இல் அவர் அதை உதறிவிட்டார்.

தேவேந்திரநாதருக்கும் தந்தையாக நிற்கும் முறை வந்தது. பிள்ளைகள் பலரிலே கடைக்குட்டிகளுள் ஒருவர் இரவீந்திரநாதர். பள்ளிக்கூடம் அவருக்குக் கசந்தது. 1873இல் தந்தை அவரை இமயமலைக்கு அழைத்துச் சென்றபோது பணப்பெட்டியையும் விலையுயர்ந்த பொற்கடிகாரத்தையும் அச்சிறுவனிடமே ஒப்படைத்தார். நாள்தோறும் மிகுந்த அக்கறையுடன் சாவி கொடுத்ததிற் கடிகாரம் பழுதாகிக் கல்கத்தாவுக்குப் போயிற்று. செலவுக் கணக்குக் கேட்டபோது கையிருப்பு முதலினும் மிகுந்திருந்தது. தந்தை சினவாமல் வேடிக்கை பேசி விட்டுவிட்டார். 1878இல் சட்டம் பயில இங்கிலாந்து அனுப்பப்பட்ட மகன் 1880இல் பட்டமின்றித் திரும்பினார். அப்போதும் அவரை வெறுத்து ஒதுக்கவில்லை. 1890ஆம் ஆண்டளவில் குடும்ப நிலங்களின் பொறுப்பை அவரிடம் அளித்துப் பத்மா நதிக்கரைக்கு அனுப்பினார். படகிலிருந்தபடி குத்தகை வாங்கிய அந்தக் கவிஞர், அங்கே கண்ட குடியானவர்களைத் தம் சிறுகதைகளிற் படைத்தார்.

கணக்கிலே மட்டும் மகரிஷி விட்டுக்கொடுக்கவில்லை. பார்க்குத் தெரு வீட்டில் அவர் வாழ்ந்த நாட்களில், மாதத்தின் இரண்டாம் மூன்றாம் திகதிகளில் இரவீந்திரநாதர் வரவு செலவை உரக்க வாசித்தல் வேண்டும். முதியவருக்குப் பார்வை மங்கியிருந்தது, நினைவோ மங்கவில்லை. கேட்ட தொகைகளை மனத்திலே வரிசைப்படுத்தி, ஐயம் தோன்றிய இடத்தில் வினவுவார். அவர் மனம் வருந்துமே என்று சில இடங்களை மகன் மெல்லக் கடந்துசெல்ல முயன்றதுண்டு. ஒருமுறையேனும் அது பலித்ததில்லை.