கணினிக்குப் பாடம் சொன்ன கிரேஸ் ஹாப்பர்

கிரேஸ் ஹாப்பர் என்றதும் கணினித்துறை மாணவர்கள் பலருக்கு ஓர் அந்துப்பூச்சிதான் நினைவுக்கு வரும். 1947 செப்டம்பரில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் மார்க் 2 கணினியில், ஒரு ரிலேயில் சிக்கிச் செத்த பூச்சி அது. அதைக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்தார்கள். நிரல் பிழைக்கு 'பக்' என்று பெயர் வந்ததே அன்றுதான், வைத்தவரும் ஹாப்பர்தான் என்பார்கள். ஆனால், அந்தச் சொல் எடிசன் காலத்திலேயே புழக்கத்தில் இருந்தது. பூச்சியைக் கண்டெடுத்தவரும் அம்மையார் அல்லர். கதையைச் சுவையாகச் சொல்லிப் பரப்பினார், அவ்வளவுதான். அவர் உண்மையில் செய்த வேலை இதைவிடப் பெரியது. நம் வீட்டு வைஃபை ரவுட்டர் போன்ற சிறு கருவிகளுக்கு மென்பொருள் உருவாக்கும் முறைக்கு அதுவே ஆணிவேர் எனலாம்.

1906 டிசம்பர் 9ஆம் நாள் நியூயார்க்கில் பிறந்தார். ஏழு வயதில் வீட்டிலிருந்த ஏழு அலாரம் கடிகாரங்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டாராம். 1934இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்று, வாசர் கல்லூரியில் கற்பித்துக் கொண்டிருந்தார். போர் வந்தது. கடற்படையில் சேர விரும்பினார். வயதோ கூடுதல், எடையோ தேவைக்குப் பதினைந்து பவுண்டு குறைவு. சிறப்பு அனுமதி பெற்று 1943இல் சேர்ந்தார். மறு ஆண்டு அவரை ஹார்வர்டில் இருந்த மார்க் 1 கணினிக்கு அனுப்பி வைத்தார்கள்.

51 அடி நீள இயந்திரம் அது. கட்டளைகளைக் காகித நாடாவில் துளைகளாகக் குத்திக் கொடுக்க வேண்டும். ஒரு முறை சரியாக ஓடிய நிரல் துண்டை யாரும் வீணாக்குவதில்லை. ஹாப்பரும் உடன் பணியாற்றியவர்களும் அவற்றைக் குறிப்பேடுகளில் எழுதி வைத்து, ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கித் தம் நிரலில் பார்த்து எழுதிக் கொள்வார்கள். நிரலைப் பகிரும் பழக்கம் அந்தக் குறிப்பேடுகளிலேயே இருந்திருக்கிறது! சிக்கல் எழுதுவதில்தான். படித்தவர்களே ஆனாலும் பார்த்து எழுதும்போது பிழை விட்டார்கள். துண்டை வேறு இடத்தில் பொருத்த முகவரி எண்களைக் கூட்டும்போதும் பிழை விட்டார்கள்.

1949இல் பிலடெல்பியாவில் யூனிவாக் கணினியை உருவாக்கிக் கொண்டிருந்த நிறுவனத்தில் சேர்ந்த ஹாப்பர், இந்த எழுத்து வேலையை இயந்திரத்திடமே ஒப்படைக்க முடிவு செய்தார். சோதித்துப் பார்த்த துணைநிரல்களை நாடாவில் பதித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அழைப்பெண் கொடுத்தார். நிரலாளர் எண்களை வரிசையாகச் சொன்னால் போதும். கணினியே தேடி எடுத்து, முகவரிகளைத் திருத்தி, முழு நிரலாகக் கோத்துவிடும். ஏ-0 என்ற அந்தத் தொகுப்பியைப் பற்றி 1952இல் கட்டுரை வாசித்தார். இன்றைய கணக்கில் அதை 'லிங்கர்' என்போம். அன்றோ பலர் நம்பவில்லை. கணினி கணக்குத்தான் போடும், நிரல் எழுதாது என்றார்களாம்.

அடுத்து வந்த ஏ-2தான் என்னை மிகவும் கவர்ந்தது. 1953இல் அதை வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்தபோது மூல நிரலையும் சேர்த்தே கொடுத்தார்கள். திருத்தம் செய்தால் எங்களுக்கும் அனுப்புங்கள் என்றார்கள். கணினியை விற்க வேண்டிய நிறுவனம் அது. தர்மம் செய்ததாக நான் சொல்ல மாட்டேன். ஆனாலும், 'திறந்த மூலம்' என்ற பெயர் பிறப்பதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே அந்த வழக்கம் இருந்தது.

என் இறுதியாண்டுத் திட்டத்தில் உள்ளங்கையளவு போர்டு ஒன்றில் லினக்ஸை ஓட்ட வேண்டும். போர்டில் இருப்பது ஏ.ஆர்.எம். சிப், மடிக்கணினியில் இருப்பது வேறு வகை. ஒன்றில் அமர்ந்து மற்றொன்றுக்குப் புரியும் நிரலைத் தொகுக்க வேண்டும். 'பில்ட்ரூட்' என்ற திறந்த மூலக் கருவியிடம் வேண்டியதைத் தேர்ந்து கொடுத்தால், லினக்ஸ் கெர்னல், பிஸிபாக்ஸ் போன்றவற்றின் மூல நிரல்களை இறக்கி, ஜி.சி.சி. தொகுப்பியால் தொகுத்து, போர்டில் பதியும் கோப்பாகத் தந்துவிடும். பட்டியலைக் கொடு, பாகங்களைக் கோத்துத் தருகிறேன் என்கிறது. ஏ-0 சொன்னதும் இதைத்தானே?

ஹாப்பர் அத்துடன் நிற்கவில்லை. வணிகத் துறையினருக்குக் கணிதக் குறியீடுகள் ஒத்துவராது, சொற்களிலேயே கட்டளை எழுதலாம் என்றார். 1950களின் நடுவில், ஆங்கிலச் சொற்களால் ஆன சிறு நிரலை மேலாளர்களிடம் காட்டினார். பிறகு அதே நிரலைப் பிரெஞ்சுச் சொற்களிலும் ஜெர்மன் சொற்களிலும் ஓட்டிக் காட்டினார். கணினிக்கு எல்லாம் ஒன்றுதான். எழுத்து வரிசையைத்தான் அது பார்க்கிறது. மேலாளர்களோ அதிர்ந்து போனார்கள். அமெரிக்காவில் செய்த கணினி அயல்மொழி பேசுவதா? ஆங்கிலம் மட்டுமே என்று உறுதியளித்த பிறகே வேலை நகர்ந்ததாக அவரே பின்னாளில் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். தமிழ்ப்பள்ளியில் கூட்டலையும் கழித்தலையும் தமிழில் படித்து, படிவம் ஒன்றில் அதே கணக்கை மலாய்மொழியில் செய்த எனக்கு இது வெறும் வேடிக்கைக் கதையாகப் படவில்லை. ஆங்கிலச் சொற்களை வைத்தது மேலாளர்களின் அச்சம். இயந்திரம் கேட்கவே இல்லை.

ஃபுளோ-மேட்டிக் என்ற அந்த மொழியின் சாயல், 1959இல் தொடங்கிய கோபால் மொழியில் நிறையவே உண்டு. கோபாலை அவர் தனியாக உருவாக்கியதாகச் சொல்வது தவறு. ஒரு குழுவே உழைத்தது, அவர் ஆலோசகர். 1966இல் கடற்படை அவருக்கு ஓய்வு கொடுத்தது; மறு ஆண்டே ஆறு மாதத்துக்கு என்று திரும்ப அழைத்தது. அந்த ஆறு மாதம் 1986 வரை நீண்டது! வெவ்வேறு நிறுவனங்களின் கோபால் தொகுப்பிகள் ஒரே தரத்தில் இயங்குகின்றனவா என்று சோதிக்கும் முறைகளை அக்காலத்தில் வகுத்தார். சொற்பொழிவுகளில், ஒளி ஒரு நானோவினாடியில் செல்லும் தூரம் என்று ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் கம்பித் துண்டுகளை எல்லார் கையிலும் கொடுப்பார். ரியர் அட்மிரலாக ஓய்வு பெற்றபோது வயது 79.

1992 ஜனவரி முதல் நாள் மறைந்தார். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், 1991 செப்டம்பரில், ஹெல்சிங்கியில் ஒரு மாணவர் லினக்ஸின் முதல் மூல நிரலை எல்லாருக்கும் பொதுவில் வைத்திருந்தார். லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற அந்த மாணவர் அதைத் தொகுக்கப் பயன்படுத்தியதும் ஜி.சி.சி.தான்.