காந்திகிராமத்துச் சௌந்தரம் அம்மையார்

பழனிமலைத் தொடரின் கீழ்ப்பகுதியில் பெரும்பாறை என்னும் மலையூர் அமைந்துள்ளது. அய்யம்பாளையத்தை விட்டு மலைப்பாதையில் ஏறுவோர், வெயில் தணிந்து காற்றுக் குளிர்வதை உணரும்போதே காப்பித் தோட்டங்களையும் காண்பர். நிழல்மரங்களின் கீழே காப்பிச் செடிகள் செறிந்து நிற்கும். அம்மரங்களைப் பற்றிக்கொண்டு மிளகுக் கொடிகள் மேலேறும். சரிவுகளில் மலைவாழை தழைத்திருக்கும். இத்தகைய மலையூரில் வளரும் சிறுவன், காப்பிப் பழம் எந்த நிறம் அடைந்ததும் பறிக்கத்தக்கது என்பதை அறிவான். பழத்தின் தோலை நீக்கி, விதையின்மேல் உள்ள வழுவழுப்புப் போகுமாறு ஊறவைத்துக் கழுவி, வெயிலில் உலர்த்தும் முறையையும் கண்டறிவான். ஆயினும், அவ்வறிவுக்குத் தேர்வில் மதிப்பெண் கிடையாது. ஆகவே, தான் அறிந்தது கல்வியே அன்று என அவனும் எண்ணிவிடுகிறான்.

அவன் எண்ணுவது சரியா? கையால் செய்து கற்பது கல்வி ஆகாதா? யாவருக்கும் பொதுவாக வகுத்த பாடங்களுக்கு மேலாக, மாணவர் தாமே விரும்பித் தேர்ந்து ஒன்றைக் கற்பதற்குப் பள்ளியில் இடம் வேண்டாவா? இவ்வினாக்களைத் தம் வாழ்க்கையாலேயே எழுப்பி, விடையும் காண முயன்ற பெண்மணி ஒருவர் இம்மலைக்குக் கிழக்கே சமவெளியில் வாழ்ந்தார். சமவெளியைக் கடந்தால் சிறுமலை. அச்சிறுமலைக்கு அணித்தே, அம்பாத்துரைப் புகைவண்டி நிலையத்துக்கு அருகில், காந்திகிராமம் உள்ளது. அதனை நிறுவிய டாக்டர் சௌந்தரம் அம்மையாரின் வரலாற்றை இப்பாடத்தில் அறிவோம்.

சௌந்தரம் அம்மையார் 1904-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 18-ஆம் நாள் பிறந்தார். தந்தையார், திருக்குறுங்குடியில் பிறந்து, மதுரையில் பேருந்துத் தொழிலைப் பெருக்கிப் புகழ்பெற்ற டி. வி. சுந்தரம் ஐயங்கார். செல்வத்துக்கு அவ்வீட்டில் குறைவில்லை. ஆனால், அக்காலத்தில் செல்வர் வீட்டுப் பெண்ணாயினும் ஏழை வீட்டுப் பெண்ணாயினும் தான் கற்க வேண்டுவது யாது என்பதைத் தானே தேர்ந்துகொள்ளும் வழக்கம் இல்லை. எந்த வயது வரை கற்பது, எப்போது மணம் புரிவது என்பவற்றையெல்லாம் பெரியோரே முடிவு செய்தனர். சௌந்தரத்துக்கும் ஏறத்தாழப் பதினான்கு வயதிலேயே திருமணம் நிகழ்ந்தது. இப்பாடத்தைப் படிக்கும் உங்களுள் பலர் இன்று அவ்வயதினரே என்பதைச் சற்றே நினைத்துப் பாருங்கள்.

கணவர் சௌந்தரராசன் ஒரு மருத்துவர். மனைவி கல்வி பெறுதலை விரும்பியவர். அந்தோ! அவ்வின்ப வாழ்வு நீடிக்கவில்லை. நோயாளர்க்குத் தொண்டு செய்த அம்மருத்துவரைக் கொள்ளைநோய் பற்றிக்கொண்டது. அவர் இளமையிலேயே உயிர் நீத்தார். சௌந்தரம் இளங்கைம்பெண் ஆனார். கைம்பெண்ணுக்கு அந்நாளைய சமூகம் வகுத்திருந்த வாழ்வு யாவரும் அறிந்ததே. வீட்டின் பின்கட்டும், மங்கல நிகழ்ச்சிகளுக்கு வாராது ஒதுங்குதலுமே அவளுக்குரியவை எனக் கருதப்பட்டன.

சௌந்தரம் அவ்வாழ்வை ஏற்றிலர். மருத்துவம் கற்பது என உறுதி பூண்டார். பெற்றோரும் அதற்குத் துணை நின்றனர். தமிழ்நாட்டை விட்டுத் தொலைவில் உள்ள தில்லி மாநகருக்குச் சென்று, மகளிர்க்கென அமைந்த லேடி ஹார்டிஞ்சு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். மொழியும் உணவும் தட்பவெப்பமும் வேறுபட்ட இடம். உடன் பயில்வோர் பலர் தம்மினும் இளையர். எனினும் அவர் தளராது பயின்று 1936-ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ முப்பத்திரண்டு. பிறர் வகுத்த பாதையில் இருந்து விலகித் தாமே தேர்ந்துகொண்ட முதற் கல்வி இதுவே எனலாம். தேர்ந்தெடுக்கும் உரிமை அவருக்கு எளிதில் கிட்டவில்லை; துயரத்தைக் கடந்தே கிட்டியது. அதனாலேயே அதன் அருமையை அவர் நன்கு உணர்ந்திருந்தார்.

தில்லியில் உடன் பயின்ற சுசீலா நய்யார் வாயிலாக அவருக்குக் காந்தியடிகளின் தொடர்பு ஏற்பட்டது. அத்தொண்டின் நெறியிலேயே ஜி. இராமச்சந்திரன் என்பாரை அவர் அறிந்தார். இராமச்சந்திரன் கேரளத்தைச் சேர்ந்தவர். இரவீந்திரநாத தாகூரின் சாந்திநிகேதனத்தில் பயின்றவர். அங்கே மரநிழலில் வகுப்புகள் நடைபெற்றன. இசையும் ஓவியமும் நாடகமும் நூற்கல்விக்கு ஒப்ப மதிக்கப்பட்டன. இவ்விருவரும் மணம் புரிய எண்ணினர். கைம்பெண் மறுமணமும் கலப்பு மணமும் ஒருங்கே சேர்ந்தமையால் எதிர்ப்பு வலுத்தது. பெற்றோரும் உடன்படவில்லை. காந்தியடிகளோ, ஓராண்டுக் காலம் ஒருவரோடொருவர் தொடர்பின்றிப் பிரிந்திருந்து, பின்னும் உள்ளம் மாறாதிருந்தால் மணக்கலாம் என்று நெறிப்படுத்தினார். ஆண்டு கழிந்தது, உள்ளம் மாறவில்லை. 1940-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் அடிகளின் நல்வாழ்த்துடன் திருமணம் நிகழ்ந்தது.

இக்காலத்தில் நாட்டின் கல்வியைப் பற்றிய புதிய சிந்தனை ஒன்று பரவிக்கொண்டிருந்தது. 1937-ஆம் ஆண்டு அக்டோபரில் வார்தாவில் காந்தியடிகள் தலைமையில் கல்வி மாநாடு ஒன்று கூடியது. அதன் பயனாக, ஜாகிர் உசேன் தலைமையில் அமைந்த குழு ஆதாரக் கல்வித் திட்டத்தை வகுத்தது. ஏழு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழி வாயிலாக, ஒரு கைத்தொழிலை நடுவாக வைத்துக் கற்பித்தல் வேண்டும் என்பதே அதன் கருத்து. நாள்தோறும் ஐந்தரை மணி நேரப் பள்ளியில் மூன்று மணி இருபது நிமிடம் கைத்தொழிலுக்கு ஒதுக்கப்பட்டது. நூற்றல், நெசவு, தச்சு, உழவு, காய்கனித் தோட்டம், தோல்வேலை ஆகியவற்றுள் ஒன்றையோ, அவ்வூருக்கு ஏற்ற வேறொன்றையோ தேர்ந்துகொள்ளலாம். ஓவியமும் இசையும் பாடத்திட்டத்தில் இடம்பெற்றன.

கைத்தொழில் எவ்வாறு பாடமாகும் என ஐயுறுவோர் உளர். ஒரு சிறுமி தக்கிளியைச் சுழற்றி நூல் நூற்கிறாள் என்று கொள்வோம். எத்தனை சுற்று நூற்றாள், அதன் நீளம் எவ்வளவு, எடை எவ்வளவு எனக் கணக்கிடும்போது அவள் கணிதம் கற்கிறாள். மெல்லிய பஞ்சிழை முறுக்கேறியதும் வலிமை பெறுவது ஏன் என ஆராயும்போது அறிவியல் கற்கிறாள். பருத்தி விளைவதற்குரிய மண் எங்குள்ளது எனத் தேடுவது நிலநூல். இந்நாட்டுப் பருத்தி கடல் கடந்து சென்று, துணியாக மீண்டு வந்து விலைபோன கதையை அறிவது வரலாறு. கையிலுள்ள நூலே நான்கு பாடங்களையும் ஒன்றாகக் கோக்கிறது.

1942-ஆம் ஆண்டு எழுந்த விடுதலைப் போரில் சௌந்தரம் அம்மையாரும் கணவரும் ஈடுபட்டனர். 1944-ஆம் ஆண்டில் அன்னை கஸ்தூரிபா மறைந்தபின், அவர் பெயரால் சிற்றூர்ப் பெண்டிர்க்கும் குழந்தைகட்கும் தொண்டு செய்ய அறநிதி ஒன்று நிறுவப்பட்டது. தமிழ்நாட்டில் அப்பணியைக் காந்தியடிகள் அம்மையாரிடம் ஒப்படைத்தார். நகரில் இருந்து மருத்துவம் பார்த்தால் பெரும்பொருள் ஈட்டியிருக்கலாம். அவரோ, நெசவாளர் நிறைந்த சின்னாளப்பட்டியை நாடி வந்தார். சிறியதொரு மருத்துவ நிலையத்துடன் பணி தொடங்கிற்று. 1947-ஆம் ஆண்டில், விடுதலை பெற்ற இந்தியாவும் காந்திகிராமமும் ஒரே ஆண்டில் தோன்றின.

பிணி தீர்க்க வந்த மருத்துவர், பிணிக்கு மூலம் அறியாமையும் வறுமையும் என்பதைக் கண்டார். ஆகவே, மருத்துவமனையோடு பள்ளியும் எழுந்தது. ஆதரவற்ற குழந்தைகட்குச் சௌபாக்யா இல்லம் அமைந்தது. ஆதாரக் கல்வி கற்பிக்கும் ஆசிரியர்க்குப் பயிற்சியும் அளிக்கப்பட்டது. நூற்றலும் நெசவும் உழவும் ஏட்டுக் கல்வியோடு இணைந்து நடைபெற்றன. 1956-ஆம் ஆண்டில் கிராமிய உயர்கல்வி நிலையம் தொடங்கப்பெற்றது. அதுவே 1976-ஆம் ஆண்டில் பல்கலைக்கழகத்துக்கு நிகரான தகுதி பெற்று வளர்ந்தது.

ஈண்டு ஒரு வேறுபாட்டை நாம் தெளிதல் வேண்டும். 1953-ஆம் ஆண்டில் சென்னை மாநில அரசு தொடக்கப் பள்ளிகளுக்கென ஒரு திட்டத்தைக் கொணர்ந்தது. பிள்ளைகள் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பள்ளியில் பயின்று, எஞ்சிய பொழுதில் பெற்றோரின் தொழிலைப் பழகுதல் வேண்டும் என்பது அது. எதிர்த்தோர் அதனைக் குலக்கல்வித் திட்டம் என்று அழைத்தனர். வண்ணார் மகன் வெளுக்கவும், குயவர் மகன் பானை வனையவும் மட்டுமே கற்பானாயின் அவன் வாழ்வு எவ்வாறு உயரும் என்னும் வினா நாடெங்கும் எழுந்தது. 1954-ஆம் ஆண்டில் காமராசர் முதலமைச்சரான பின்னர் அத்திட்டம் கைவிடப்பட்டது. இரண்டிலும் கைத்தொழில் உண்டு. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. பிறப்பு ஒருவன்மேல் சுமத்தும் தொழில் தளையாகும். அறிவு விரிவதற்காக அவனே தேர்ந்து பழகும் தொழில் சிறகாகும். எல்லாப் பிள்ளைகளும் ஒரே இடத்தில் ஒன்றாக அமர்ந்து தக்கிளி சுழற்றும்போது, தொழிலுக்கு உயர்வு தாழ்வு இல்லை என்பதை ஏட்டில் எழுதிக் காட்ட வேண்டுவதில்லை.

ஆதாரக் கல்வி நாடெங்கும் எண்ணியவாறு வேரூன்றிற்று என்று கூறுதல் உண்மையாகாது. பல ஊர்களில் பெற்றோர், பிள்ளை நூற்றுக்கொண்டிருந்தால் அலுவலில் அமர்வது எவ்வாறு என அஞ்சினர். பயிற்சி நிரம்பாத ஆசிரியர், தொழிலையும் பாடத்தையும் இணைக்க அறியாது இடர்ப்பட்டனர். நகரத்துக்கு ஒரு கல்வி, நாட்டுப்புறத்துக்கு ஒரு கல்வியா என்று கேட்டோரும் உளர். அக்கேள்வி தவறன்று. ஆயினும் செயல்முறை குறையுடைத்து என்பதனால் கருத்தே பிழை ஆகிவிடாது.

சௌந்தரம் அம்மையார் 1952-ஆம் ஆண்டில் ஆத்தூர்த் தொகுதியிலிருந்தும், 1957-ஆம் ஆண்டில் வேடசந்தூர்த் தொகுதியிலிருந்தும் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1962-ஆம் ஆண்டில் திண்டுக்கல் மக்கள் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். நடுவண் அரசில் கல்வித் துணை அமைச்சராகும் பொறுப்பும் அவரை வந்தடைந்தது. அவ்வாண்டிலேயே பத்மபூஷண் விருதும் பெற்றார். அவர் அப்பதவியில் இருந்த காலத்தில்தான், 1964-ஆம் ஆண்டில், கோத்தாரி தலைமையில் கல்விக் குழு அமைக்கப்பட்டது. பள்ளிக் கல்வியின் எல்லா நிலைகளிலும் தொழில் அனுபவம் இடம்பெறல் வேண்டும் என்று 1966-ஆம் ஆண்டில் அக்குழு பரிந்துரைத்தது. சிற்றூர்ப் பள்ளிகளில் தொடங்கிய கருத்து, நாடு முழுமைக்கும் உரிய கல்வியின் பகுதியாக மீண்டும் தலைநிமிர்ந்தது.

1967-ஆம் ஆண்டுத் தேர்தலில் அம்மையார் வெற்றி பெறவில்லை. அதனால் அவர் உள்ளம் சோரவில்லை. காந்திகிராமப் பணி அவருக்கு எப்போதும் காத்திருந்தது. 1984-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 21-ஆம் நாள், எண்பதாம் அகவையில் அவர் இயற்கை எய்தினார். 2005-ஆம் ஆண்டில் இந்திய அரசு அவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது.

இன்று நடுநிலைப் பள்ளிகளில் புதிய வாயில்கள் திறந்துள்ளன. ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பயிலும் அரசுப் பள்ளி மாணவர் தம் கையால் அறிவியல், கணிதச் சோதனைகள் செய்து பார்க்க 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் வானவில் மன்றம் தொடங்கப்பெற்றது. பாட்டும் கூத்தும் ஓவியமும் பயிலும் மாணவர்க்குக் கலைத் திருவிழா மேடை அளிக்கிறது. இவை பொழுதுபோக்கு என்றும், தேர்வு நெருங்கினால் தள்ளி வைக்கத்தக்கவை என்றும் கருதுவோர் இன்றும் உளர்.

மாணவர்களே! நும் பள்ளியில் விருப்பம்போல் ஒன்றைத் தேர்ந்து கற்கும் வகுப்பு ஒன்று கிடைக்குமாயின், அதனைச் சிறிதென எண்ணாதீர். பதினான்கு வயதில் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லாதிருந்த ஒரு பெண், பின்னர் அவ்வுரிமையைத் தாமே ஈட்டி, அதனைப் பிறர் பிள்ளைகட்கு இளமையிலேயே கிடைக்கச் செய்யப் பாடுபட்டார். பெரும்பாறைச் சிறுவன் ஒருநாள் பள்ளித் தோட்டத்தில் காப்பிக் கன்று ஒன்றை நட்டு, அதன் வளர்ச்சியை அளந்து, ஏட்டில் குறித்து, காப்பிப் பழம் சிவப்பது ஏன் என்று ஆசிரியரை வினவுவானாயின், அன்று அவன் தான் அறிந்ததும் கல்வியே என்பதை உணர்வான். அவ்வினாவைப் பொறுமையுடன் கேட்டு விடை கூறும் பள்ளியே அம்மையார்க்கு நாம் எழுப்பத்தக்க நினைவுச் சின்னமாகும்.